மாலைக் கச்சேரி யாருக்கு உரியது?

சென்ற மார்கழியில் ஒரு மாலை, தியாகராய நகரிலுள்ள சபா ஒன்றுக்கு நண்பரொருவர் என்னை அழைத்துச் சென்றார். நண்பர் முப்பதாண்டுக் காலம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அரபியும் தமிழும் கற்பித்துக் காலங்கழிப்பவன். எங்கள் இருவருக்கும் இசையில் புலமை கிடையாது. கேள்வி ஞானம் மட்டும் சிறிது உண்டு. "மௌலவி ஐயா, இந்தப் பெரியவரை இனி எத்தனை ஆண்டு கேட்கக் கிடைக்குமோ தெரியாது. இன்று தவறவிட்டால் பின்னர் வருந்துவீர்கள்" என்று அவர் வற்புறுத்தியபோது என்னால் மறுக்க இயலவில்லை.

அன்று பாடியவர் எழுபத்தைந்து வயதைக் கடந்த வித்துவான். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. குறை கூறும்போது பெயரை மறைப்பது கோழைத்தனம் எனச் சிலர் கருதக்கூடும். குறை அவர் ஒருவருடையதாயின் பெயரைச் சொல்லிவிடலாம். இங்கே குறை பலருடையது, அதில் என் பங்கும் உண்டு. ஆகவே பெயரை விடுத்துப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. நுழைவுச்சீட்டுக் கிடைக்காதோர் வாயிலில் நின்றனர். வித்துவான் இரு சீடர்கள் தாங்கலாகப் பிடித்துவர மேடையேறியபோது, அவையினர் எழுந்து நின்று கைதட்டினர். அந்தக் கைதட்டல் அவர் இனிப் பாடப்போவதற்காக எழுந்ததன்று. நாற்பதாண்டுகளாகப் பாடிவந்ததற்காக எழுந்தது. நானும் தட்டினேன்.

பிலகரியில் விரைவான கிருதி ஒன்றோடு கச்சேரி களைகட்ட வேண்டும் என்பது அவர் பழைய வழக்கம். அன்றும் அதையே எடுத்தார். காலப்பிரமாணம் ஓடியது, சாரீரம் ஓடவில்லை. மேல் ஸட்ஜத்தை எட்டும் இடங்களிலெல்லாம் அவர் வாயசைக்கப் பின்னாலிருந்த சீடர் குரல் கொடுத்தார். வயலின்காரர் நல்ல பண்பாளர். குரல் அறுந்த இடங்களையெல்லாம் தம் வில்லால் இட்டு நிரப்பினார். அடுத்து, கச்சேரியின் நடுநாயகமாகத் தோடி. நண்பர் என் காதருகே குனிந்து, "இனி காந்தாரத்தில் நீண்ட கார்வை கொடுப்பார், பிறகு இரண்டு பிடியில் பஞ்சமத்துக்குப் போவார், அங்கே ஒரு கணம் நிற்பார்" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. நண்பரிடம் அந்த வித்துவானின் ஒலிநாடா ஒன்று உண்டு. முப்பதாண்டுக்கு முன் பதிவானது. அதில் கேட்ட தோடியின் ஒவ்வொரு படியும் அன்று அதே வரிசையில் வந்தது. நாடாவில் குரல் இருந்தது. மேடையில் அது இல்லை. வேற்றுமை அவ்வளவே.

இடைவேளையின்றி நடக்கும் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிலர் எழுந்து கேண்டீனுக்குச் செல்லும் பழக்கத்தை எல்லோரும் அறிவர். நாங்களும் சென்றோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அங்கே காப்பிக்கு நின்ற வரிசையில் ஓர் இளைஞர், "இன்னும் எதற்கு இவருக்கு மாலைக் கச்சேரி? மத்தியானம் பாடின பெண் இவரைவிட நூறு மடங்கு நன்றாகப் பாடினாளே!" என்று தம் தோழரிடம் கூறினார். அருகில் நின்ற முதியவர் ஒருவர் சினந்து, "அவர் பெயரைச் சொல்லவே உனக்குத் தகுதி போதாது. அவர் மேடையேறி உட்கார்ந்தாலே போதும், அதுவே கச்சேரி" என்றார். இளைஞர், "உட்கார்ந்தால் போதும் என்றால் படத்தை மாட்டிவைக்கலாமே, மாமா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அன்றிரவு இவ்விரு சொற்களும் என்னை உறங்கவிடவில்லை. இளைஞர் சொன்னதில் இரக்கம் இல்லை. முதியவர் சொன்னதில் இசை இல்லை. இருவரும் தொடாது விட்ட ஒன்று அந்தக் கச்சேரியிலேயே இருந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில், மாலைக் கச்சேரி என்று நாம் பேசுவது எதனை என்று தெளிதல் வேண்டும்.

1927-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனோடு ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. ஆண்டுதோறும் டிசம்பரில் விழா எடுக்கும் வழக்கம் அங்கிருந்து வேரூன்றிப் படர்ந்தது. தியாகராய நகருக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. திரைக்கலைஞர் சித்தூர் வி. நாகையா 1940-களில் தொடங்கிய தியாகப் பிரம்ம கான சபா, ஜி.என்.செட்டி சாலையிலுள்ள வாணி மகாலில் இயங்குகிறது. 1950-களில் தோன்றிய கிருஷ்ண கான சபா, முன்னாளில் கிரிஃபித் சாலை என வழங்கிய தெருவில் இருக்கிறது. அத்தெருவுக்கு இன்று மகாராஜபுரம் சந்தானம் சாலை என்று பெயர். சந்தானம் 1992-இல் சாலை விபத்தில் மாண்டார். தளர்ந்த குரலோடு மேடையேறும் முதுமை அவருக்கு வாய்க்கவில்லை. நாம் பேசும் வினா அவரளவில் எழவே இல்லை என்பதை அத்தெருவில் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இச்சபாக்களில் ஒரே மேடையில் ஒரே நாளில் மூன்று நான்கு கச்சேரிகள் நடக்கும். நண்பகலில் பாடுவோர் இளையோர், பெரும்பாலும் அதற்குக் கட்டணம் கிடையாது, கேட்போரும் சிலரே. பிற்பகலில் சற்றுத் தேர்ந்தோர் பாடுவர். விளக்கேற்றும் நேரத்துக்குப் பின் நடப்பதே தலைமைக் கச்சேரி. நண்பகலிலிருந்து மாலைக்கு வர ஒருவருக்குப் பதினைந்து இருபது ஆண்டுகள்கூட ஆவதுண்டு. வழியிலேயே தங்கிவிடுவோரும், மனமுடைந்து வேறு தொழிலுக்குப் போவோரும் உண்டு. ஒரு சபாவுக்கு ஒரு விழாவில் வாய்க்கும் மாலைகள் எண்ணத்தக்கன. ஒருவருக்குக் கொடுக்கும் மாலை இன்னொருவருக்குக் கொடாத மாலையே. எனவே, "பெரியவர் பாடிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்பதற்கில்லை. நட்டப்படுவோர் உண்டு, அவர்கள் நண்பகல் இரண்டு மணிக்கு வெற்று நாற்காலிகளை நோக்கிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, குரல் தளர்ந்தவர் பாடலாகாது என்று முடிவு கட்டிவிடலாமா? கட்ட இயலாது. அரபு இலக்கியத்தில் இசைவாணர் வரலாறு கூறும் பெருநூல் 'கிதாபுல் அகானீ'. பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானி தொகுத்தது. அப்பாஸியர் அவையில் இருந்த இரு பெரும் பாடகரின் பிணக்கை அந்நூல் விரிவாகப் பேசுகிறது. ஒருவர் 850-இல் மறைந்த இஸ்ஹாக் அல்-மவ்ஸிலீ. மற்றவர் கலீஃபா ஹாரூன் அல்-ரஷீதின் சகோதரரான இளவரசர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தி. குரல்வளம் இளவரசருக்கு அளவின்றி இருந்தது. இஸ்ஹாக்கின் குரல் அத்தகையதன்று. ஆனால் பழைய இசையின் இலக்கணத்தை அவரளவு அறிந்தவர் அக்காலத்தில் இல்லை. தம் குரலின் குறையைத் தாமே அறிந்து, அதற்கேற்பப் பாடும் முறையில் ஒரு புது உத்தியை அவர் அமைத்துக்கொண்டார் என்பர். குரல் மிக்க இளவரசரோ பழம்பாட்டுகளைத் தம் விருப்பத்துக்கு மாற்றிப் பாடினார் என்பது அவர்மீது கூறப்பட்ட குற்றம். காலம் இருவர் பெயரையும் காத்தது. ஆயினும் ஆசான் என்று பெயர் பெற்றவர் இஸ்ஹாக்கே.

நம் நாட்டிலும் சான்று இருக்கிறது. செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908-இல் பிறந்து 2003-இல் மறைந்தவர். இயல்பாகவே இனிய சாரீரம் அவருக்கு வாய்க்கவில்லை. கடுமையான சாதகத்தால் அதைத் தம் வசப்படுத்தினார். 1947-இல், நாற்பது வயது நிரம்புமுன், சங்கீத கலாநிதி ஆனார். எண்பதைக் கடந்த பின்னும் அவர் மேடையேறினார், மக்கள் கேட்டனர். கேட்டதில் வெறும் மரியாதை மட்டும் இருந்ததென்று சொல்ல முடியாது. இளமையிலேயே குரலோடு போராடி அதன் வலிவும் நலிவும் அறிந்தவருக்கு முதுமை புதிய பகையன்று, பழகிய பகையே. எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும், எங்கே தொட்டும் தொடாமலும் விட்டுவிட வேண்டும் என்னும் கணக்கை அவர் முன்பே கற்றிருந்தார். குரலே தம் செல்வமாகக் கொண்டு வளர்ந்தோர் அக்கணக்கைக் கற்பதற்குள் செல்வம் தீர்ந்துவிடுகிறது.

ஆகவே குரல் மட்டும் அளவுகோல் ஆகாது, வயதும் ஆகாது. வேறு அளவுகோல் வேண்டும்.

அதைத் தேடுமுன் மேனாட்டைச் சற்றே நோக்குவோம். இதே வினா அங்கும் எழுந்துகொண்டே இருக்கிறது. இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி என்னும் ஊரின் பெயரால் பண்ணை நிலத்தில் நடக்கும் பெரிய இசைவிழாவில் 2013-ஆம் ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தலைமைக் கச்சேரி செய்தனர். 1962-இல் தோன்றிய குழு அது. தலைமைப் பாடகருக்கு எழுபது வயது நிரம்பச் சில வாரங்களே இருந்தன. 2022-இல் அதே மேடையில் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி பாடினார். எண்பது வயது நிறைந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. 2023-இல் எழுபத்தாறு வயது எல்டன் ஜானும், 2025-இல் எழுபத்தொன்பது வயது நீல் யங்கும் அங்கே தலைமை வகித்தனர். "இளையோருக்கு இடமில்லையா?" என்று அங்கும் கேட்கிறார்கள். "இவர்கள் இன்றி அந்த இசையே ஏது?" என்று அங்கும் விடை வருகிறது.

ஆனால் அவர்கள் நிலையும் நம் நிலையும் ஒன்றல்ல. அங்கே கூடும் மக்கள் ஐம்பதாண்டுக்கு முன் கேட்ட பாட்டை அப்படியே மீண்டும் கேட்க வருகின்றனர். பாடகர் வாய் திறக்குமுன் ஆயிரமாயிரம் பேர் அப்பாட்டைப் பாடத் தொடங்கிவிடுகின்றனர். பாடகர் குரல் தளர்ந்தால் மக்கள் குரல் அதைத் தூக்கிச் செல்கிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே அவ்விழாவின் இன்பம். நம் மரபு கேட்பவருக்குத் தரும் வாக்குறுதி வேறு. கிருதி பழையது, அதை எல்லோரும் அறிவர். ஆலாபனையும் நெரவலும் கற்பனை ஸ்வரமும் அன்று, அவ்விடத்தில், அவர் மனத்தில் பிறக்க வேண்டியவை. மனோதர்மம் என்று அதற்குப் பெயரிட்டு, கச்சேரியின் உயிர் அதுவே என்று நாம் பெருமை பேசுகிறோம். அப்படியாயின், அந்த உயிர் இருக்கிறதா என்று கேட்பதே நமக்கு முறை.

என் நண்பர் அறியாமலே அளவுகோலை என் கையில் கொடுத்துவிட்டார். தோடியில் அடுத்த பிடி என்ன என்று அவரால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. முப்பதாண்டுக்கு முன் அந்த வித்துவான் அத்தோடியைப் பாடியபோது யாராலும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அன்று அவர் தேடிக் கண்டதைப் பின்னர்ப் பாடமாக்கிக்கொண்டார். தம் இளமையையே மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் ஒருவருக்குக் குரல் நன்றாக இருந்தால் நாம் அதைக் கண்டுகொள்வதில்லை. குரல் போனபின் அது வெளிப்பட்டுவிடுகிறது. அன்று மாலை நான் கண்ட குறை குரலில் இல்லை. குரல், ஒரு பழைய குறையை மறைத்திருந்த திரை, அது விலகியது.

இனி, முன்பு சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். தனி ஆவர்த்தனம் முடிந்து நாங்கள் இருக்கைக்குத் திரும்பியபோது, வித்துவான் பக்கவாத்தியக்காரர்களைக் கையமர்த்திவிட்டு யதுகுலகாம்போதியில் ஒரு விருத்தம் எடுத்தார். மேலே போகவில்லை, போக முயலவும் இல்லை. மந்தர ஸ்தாயியிலும் மத்திமத்தின் கீழ்ப்பாதியிலுமாக, பேசுவதுபோலவே தொடங்கினார். தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, சொன்ன சொல்லையே மீண்டும் வேறொரு சாயலில் சொன்னார். மூன்றாம் முறை சொன்னபோது அச்சொல்லின் பொருளே மாறிவிட்டது. நான் நண்பரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வித்துவானுக்கும் தெரிந்திராது என்றே நினைக்கிறேன். ஏழெட்டு நிமிடங்கள்தாம். அரபியர் 'தரப்' என்று ஒரு சொல் வழங்குவர். இசை கேட்டு உள்ளம் நிலையிழந்து அசைவதற்கு அது பெயர். அசைத்தது மகிழ்ச்சியா துயரமா என்ற வேற்றுமையை அச்சொல் பார்ப்பதில்லை. அந்த அசைவை அன்று அரங்கம் முழுவதும் உணர்ந்தது. அதன்பின் மங்களம் பாடி முடித்தார்கள்.

பாட வேண்டியதை அவர் இன்னும் வைத்திருக்கிறார் என்பதற்கு அந்த ஏழெட்டு நிமிடங்கள் சான்று. அதைப் பாடுவதற்கு இரண்டரை மணி நேரமும், பிலகரியின் விரைவும், தோடியின் பழைய பாடமும், பின்னாலிருந்து குரல் கொடுக்கும் சீடரும் தேவையில்லை என்பதற்கும் அவையே சான்று. அவர் அன்று பாடியது தமக்குரிய கச்சேரியை அன்று. தம் பெயருக்குரிய கச்சேரியை. மாலை மேடை அதைத்தான் அவரிடம் கேட்டது.

கேட்டவர் யார்? இங்கேதான் பழி எங்கே சேரும் என்று ஆராய வேண்டும். முன்சொன்ன 'அகானீ' நூலிலேயே ஒரு செய்தி வருகிறது. உமையாக்கள் காலத்தில் மதீனாவின் தலைசிறந்த பாடகராயிருந்தவர் மஅபத். முதுமையில் அவர் குரல் அற்றுப்போயிற்று. அந்நிலையில் செல்வர் ஒருவர் அவரை அழைத்துப் பாடச் செய்தார். கிழவர் பாடினார், அவையினரின் உள்ளம் அசையவில்லை, அங்கிருந்த இளைஞர் சிலர் நகைத்தனர் என்கிறது நூல். படிப்போர் எல்லோரும் அந்த இளைஞரை நோவர். நான் மாணவனாயிருந்தபோது அப்படித்தான் நொந்தேன். இன்று அழைத்தவரை எண்ணுகிறேன். மஅபதின் குரல் போய்விட்டதென்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும், 'என் வீட்டில் மஅபத் பாடினார்' என்று சொல்லிக்கொள்ளும் பெருமைக்காக அழைத்தாரா? சிரித்த இளைஞர் செய்தது சிறுபிழை. அவரை அங்கே கொண்டுவந்து அமர்த்தியவர் செய்தது பெரும்பிழை.

நம் சபாக்கள் பலவற்றின் நிலை அந்தச் செல்வரின் நிலையே. பெரிய பெயர் நிகழ்ச்சிநிரலில் இருந்தால் நுழைவுச்சீட்டு விற்கும். விளம்பரம் தருவோர் வருவர். வித்துவான் என்ன பாடினார் என்பது மறுநாள் யாருக்கும் கவலையில்லை. செய்தித்தாளில் விமர்சனம் எழுதுவோரும் முதியவர் என்றால் எழுதுகோலை வளைத்துவிடுகிறார்கள். 'அனுபவ முதிர்ச்சி மிளிர்ந்தது' என்று எழுதினால் குரல் இல்லை என்று பொருள். 'நிதானம்' என்று எழுதினால் மூச்சு இல்லை என்று பொருள். இந்தக் குழூஉக்குறியை வாசகரும் பழகிக்கொண்டனர். முதியவரை இவ்வாறு தட்டிக்கொடுத்துப் பேசுவது மரியாதை என்று நாம் எண்ணுகிறோம். இனி இவரிடம் எதிர்பார்க்க எதுவும் இல்லை என்று கைகழுவிய பின்னரே ஒருவரிடம் இப்படிப் பேசத் தோன்றும். உண்மை மரியாதை என்பது அவரை இன்னும் கலைஞராகவே கருதி, 'உங்கள் விருத்தம் போலத் தோடி இல்லை' என்று சொல்வது. நான் அன்று அதைச் சொல்லவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் பொன்னாடை போர்த்தும்வரை நின்று கைதட்டிவிட்டு வந்தேன். என் பங்கு என்று முதலில் சொன்னது இதனையே.

வித்துவான்கள் தாமாகவே விலகிக்கொள்ளலாகாதா என்று கேட்பார் உண்டு. விலகியோரும் உளர். முசிறி சுப்பிரமணிய ஐயர் நெரவல் பாடுவதில் ஒப்பற்றவர் எனப் புகழ்பெற்றவர். 1940-களின் நடுவில் உடல்நலக் குறைவால் கச்சேரி மேடையை விட்டார். பின்னர்ச் சென்னை கர்நாடக இசைக் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார், டி.கே.கோவிந்தராவ், மணி கிருஷ்ணசாமி போன்ற மாணாக்கர் அவரிடம் உருவாயினர். 1975-இல் அவர் மறைந்தபோது, மேடையை விட்டு மூன்று பத்தாண்டுகள் கடந்திருந்தன, பெயரோ குன்றவில்லை. எம்.எஸ்.சுப்புலட்சுமி, 1997-இல் கணவர் சதாசிவம் மறைந்தபின் மேடையில் பாடுவதை நிறுத்திக்கொண்டார். டி.எம்.கிருஷ்ணா 2015-இல், நாற்பது வயதுகூட நிரம்பாத நிலையில், சென்னையின் டிசம்பர் விழாவில் இனிப் பாடுவதில்லை என்று விலகினார். அவர் காரணம் முதுமையன்று. இவ்விழா யாருக்கு உரியதாக இருக்கிறது என்ற சமூக வினா. 2024-இல் சங்கீத கலாநிதி விருதோடு அவர் அகாடமி மேடைக்குத் திரும்பினார். முதன்மை மேடையை விட்டாலும் கலைஞர் கலைஞராகவே இருக்க முடியும் என்பதற்கு இம்மூவரும் மூன்று வகைச் சான்று.

ஆயினும் இதை எல்லார்க்கும் விதியாக்குவது கொடுமை. கல்லூரி முதல்வர் பதவி எல்லார்க்கும் கிடைப்பதன்று. பெரும்பாலான கலைஞருக்கு ஓய்வூதியம் கிடையாது, மேடையே சோறு. மிருதங்கம், கடம், வயலின் வாசிப்போர் நிலை இன்னும் கடினம். 'நிறுத்திக்கொள்' என்று சொல்லும் நாம், நிறுத்தியபின் அவர் எப்படி வாழ்வார் என்று கேட்பதில்லை. வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்குத் தரவேண்டிய உதவித்தொகையைத் தராமல், அதற்கு ஈடாக ஒரு மாலைக் கச்சேரியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதையே மரியாதை என்று பெயரிட்டு அழைக்கிறோம். கொடுக்க வேண்டியவர் சபாவினர். விலை கொடுப்பவர் நண்பகல் பாடும் அந்தப் பெண்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாலை மேடைக்குத் தகுதி பற்றிப் பேசும்போது, அந்த மேடையில் ஒருபோதும் அமர்த்தப்படாத கலைஞரையும் நினைத்தல் முறை. ஷேக் சின்ன மௌலானா ஆந்திர நாட்டில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த நாகஸ்வர மேதை. 1998-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே காலமானார். மூச்சையே முதலாக வைத்து நடத்தும் தொழில் நாகஸ்வரம். முதுமை அங்கே முதலில் கைவைக்கிறது. ஆனால் இசைவிழாக்களில் நாகஸ்வரத்துக்கு நாம் வழக்கமாகத் தரும் இடம் தொடக்க நாளின் மங்கல ஒலி என்ற அளவே. மக்கள் வந்து அமர்வதற்குள் அது முடிந்துவிடும். நாகஸ்வரக்காரருக்கு மூச்சு நிறைந்த காலத்திலேயே தலைமை மாலையைத் தர மனமில்லாத நாம், வாய்ப்பாட்டுக்காரருக்கு மூச்சுப் போனபின்னும் அதைத் தந்துகொண்டிருக்கிறோம். தகுதியை எடைபோடும் தராசு நம்மிடம் நேராக இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எனக்கு அரபு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். எழுபதை நெருங்கியபோது அவர் குரல் பத்தடிக்கு அப்பால் கேட்காமற் போயிற்று. மேல்வகுப்பில் அறுபது மாணவர் இருந்தோம். ஒருநாள் அவர் வந்து, தம்மிடம் பயின்ற இளையவரை ஆசிரியர் இடத்தில் அமர்த்திவிட்டு, "இனி இவர் நடத்துவார். எனக்கு ஐந்து பேரை மட்டும் கொடுங்கள், என் பாயைச் சுற்றி உட்காரட்டும்" என்றார். அந்த ஐவரில் ஒருவனாக இருக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. பெரிய வகுப்பில் நாலாண்டில் கற்காததை அந்தப் பாயருகே ஓராண்டில் கற்றோம். அவர் குரல் தளர்ந்ததால் நாங்கள் அருகே சென்றோம். அருகே சென்றதால் அவர் சொல்லாமல் விட்டதும் எங்களுக்குக் கேட்டது. அறுபது பேருக்கு முன் அவரை நிறுத்தி ஒலிபெருக்கியைக் கொடுத்திருந்தால் எங்களுக்கு அது கிடைத்திராது.

யதுகுலகாம்போதி பாடிய அந்த வித்துவானுக்கு நான் வேண்டுவதும் அத்தகைய ஒரு பாய்தான். விழாவில் ஒரு முற்பகல், முந்நூறு பேர் அமரும் சிறிய கூடம், ஒலிபெருக்கி அடக்கமாக, ஒரு மணி நேரம், அவர் பாட விரும்புவது மட்டும். சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கொள்ளட்டும். துரித கதியை விட்டுவிடட்டும். பாடும் இடையில் நிறுத்தி, தம் ஆசிரியர் இதை எப்படிப் பாடினார் என்று சொல்லட்டும். மாலைக் கச்சேரிக்குத் தரும் சன்மானத்தில் ஒரு காசும் குறைக்காமல் அதற்கும் தரவேண்டும். குறைத்தால் இது இறக்கம் என்று ஆகிவிடும். மூத்தோரை முற்பகலில் பாடவைக்கும் வழக்கம் சில இடங்களில் இருப்பதைக் கண்டிருக்கிறேன். அதை ஓய்வறையாக எண்ணாமல் விழாவின் தலைவாயிலாக ஆக்குவதே வேண்டுவது. மாலை மேடை, குரலும் தேடலும் இரண்டும் உடையோருக்குப் போகட்டும், அவர் வயது முப்பதாயினும் எழுபதாயினும். எண்பதிலும் தேடிக்கொண்டிருப்பவர் ஒருவர் இருந்தால் அவருக்கே கொடுங்கள். முப்பதிலேயே தம் பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கிவிட்டவர்க்குக் கொடாதீர்கள். அத்தகைய இளையோர் இன்று குறைவில்லை என்பதையும் அந்தக் காப்பி வரிசை இளைஞருக்குச் சொல்லிவைக்கிறேன்.

ரசிகப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நினைவுக்காகக் கைதட்டுவது தவறன்று. நன்றியுணர்வு நல்ல பண்பே. ஆனால் அதை மேடைக்கு அவர் வரும்போது தட்டிவிடுங்கள். பாடத் தொடங்கியபின் பாட்டுக்காக மட்டும் தட்டுங்கள். எங்கே தட்டுகிறோம், எங்கே தட்டாமல் இருக்கிறோம் என்பதை எந்த வித்துவானும் கவனிப்பார். அன்று தோடிக்கு எழுந்த கைதட்டலும் விருத்தத்துக்கு எழுந்த கைதட்டலும் ஒரே அளவில் இருந்தன. அவருக்குத் தம் நிலை எப்படித் தெரியும்? நாம்தான் தெரியவிடாமல் செய்தோம்.

அரங்கைவிட்டு வெளியே வந்து ஆட்டோவுக்காகக் காத்து நின்றபோது, நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த விருத்தம் என் நாடாவில் இல்லை" என்றார். அதை யாரேனும் பதிவு செய்திருப்பார்களா என்று கேட்டேன். அரங்கில் பாதிப்பேர் அப்போது மணியைப் பார்த்துக்கொண்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள் என்றார்.

இப்பொருளில் என் கருத்தோடு மாறுபடும் அன்பர்கள் எழுதுவார்களாயின் மகிழ்வேன். குறிப்பாக, முதிய வித்துவான்களிடம் பயின்று இன்று நண்பகலில் பாடிக்கொண்டிருப்போர் எழுதினால், நாம் எல்லோரும் அறியவேண்டியவை பல அதில் இருக்கும்.